ராப் நல்ல பக்கம் திரும்புதான்னு நீங்களே கேட்டு கண்டுபிடிக்கிறது எப்படி

ராப் இப்பல்லாம் எவ்வளவோ மாறிடுச்சு, மனசு, குடும்பம், நம்பிக்கைன்னு பேசுறாங்கன்னு ஒருத்தர் சொல்வார். பக்கத்துலயே இன்னொருத்தர், எங்கங்க மாறிச்சு, அதே துப்பாக்கி, அதே போதை, பொண்ணுங்களை அதே மாதிரி கேவலமா பேசுறதுன்னு ஆரம்பிப்பார். ரெண்டு பேரும் ஆளுக்கு நாலு பாட்டை எடுத்துப் போடுவாங்க, ரெண்டு பக்கத்துப் பாட்டும் நிஜம்தான், அதனாலயே அந்த சண்டை முடியவே முடியாது. நாலு பாட்டை வெச்சு அம்பது வருஷத்து இசையை எடை போட முடியாதுங்க. ராப்பை உயிரா கேக்குற ஆளு நான், இதை எப்படி பொறுமையா சோதிச்சுப் பாக்கலாம்னு எழுதுறேன். என்னோட முடிவும் நடுவுல வரும், அதை அப்படியே எடுத்துக்காம நீங்களும் கேட்டுப் பாத்துட்டு ஒரு முடிவுக்கு வாங்க.

முதல்ல ஒரு நோட்டு எடுத்து கட்டம் போடுங்க

பாசிட்டிவா இல்லையான்னு ஒரே ஒரு மார்க் போட்டீங்கன்னா எல்லாம் குழம்பிடும். வன்முறைக்கு ஒரு கட்டம், போதைக்கு ஒண்ணு, பொண்ணுங்களைப் பத்தி பேசுற விதத்துக்கு ஒண்ணு, மனசு வலிக்கு ஒண்ணு, அரசியல் கோபத்துக்கு ஒண்ணுன்னு தனித்தனியா போடுங்க. ஏன்னா இதெல்லாம் ஒரே திசையில நகரல. மனசு வலியை வெளிப்படையா பேசுறது கூடிக்கிட்டே போற அதே வருஷங்கள்ல போதை மாத்திரை பேச்சும் கூடியிருக்கு, ஒரே பாட்டுல ரெண்டும் இருக்கும், அதுக்கு ஒரே மார்க் போட்டா எதைன்னு போடுவீங்க.

கெட்ட வார்த்தை இருக்கா இல்லையாங்கிறதை கட்டமாவே வெக்காதீங்க. ஒரு கெட்ட வார்த்தை கூட இல்லாம முழுக்க முழுக்க பணத்திமிர் மட்டும் பேசுற பாட்டு இருக்கு, வரிக்கு வரி திட்டிக்கிட்டே ஒரு அம்மாவோட கஷ்டத்தை கண்ணுல தண்ணி வர்ற மாதிரி சொல்ற பாட்டும் இருக்கு. நான் கேக்குற கேள்வி வேற, இந்தப் பாட்டுல நடக்குற தப்புக்கு யாரு விலை குடுக்குறாங்க, அந்த விலையை பாட்டு நமக்கு காட்டுதா மறைக்குதா? சுட்டான், ஜெயிச்சான், காரை எடுத்தான், கிளம்பினான்னு முடிஞ்சா அது ஒரு ரகம். சுட்டான், அதுக்கப்புறம் தூக்கமே வரல, செத்தவனோட அம்மா முகம் முன்னாடி வந்து நிக்குதுன்னு போனா அது வேற ரகம். ரெண்டுலயும் துப்பாக்கி இருக்கு, ஆனா ரெண்டையும் ஒரே கூடையில போடக்கூடாது.

எந்த வருஷத்துல இருந்து ஆரம்பிக்கிறீங்கன்னு பாருங்க

முக்கால்வாசி பேரு தொண்ணூறுகள்ல இருந்துதான் ஒப்பிட ஆரம்பிப்பாங்க, அங்க இருந்து பாத்தா எதுவுமே முன்னேற்றம் மாதிரிதான் தெரியும். ராப்போட கதை அங்க தொடங்கல. 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க் பிராங்க்ஸ்ல செட்ஜ்விக் அவென்யூ 1520ங்கிற அபார்ட்மென்ட் கட்டடத்துல டிஜே கூல் ஹெர்க் தன் தங்கச்சி நடத்துன பார்ட்டிக்கு பாட்டு போட்டார், ஹிப் ஹாப் பிறந்த நாள்னு அதைத்தான் கொண்டாடுறாங்க. ஸ்கூல் திறக்கிறதுக்கு முன்னாடி புது துணிமணி வாங்க காசு சேக்க நடத்துன பார்ட்டி அது. 1979ல முதல் பெரிய ஹிட் வந்தப்பவும் ஆட்டம், ஜாலி, யாரு நல்லா பேசுறாங்கங்கிற போட்டி, அவ்வளவுதான். 1982ல கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷும் ஃபியூரியஸ் ஃபைவ் குழுவும் குடுத்த தி மெசேஜ்ங்கிற பாட்டுலதான் சேரி வாழ்க்கை நேரா ரேடியோவுக்கு வந்துச்சு, அதோட கடைசி வெர்ஸை, அதாவது கடைசிப் பத்தியை மட்டும் ஒரு தடவை கேளுங்க, ஒரு குழந்தை பிறக்குது, தெருவுல பணம் பண்றவங்களைப் பாத்து ஆசைப்பட்டு வளருது, படிப்பை விடுது, திருடுது, ஜெயிலுக்குப் போகுது, அங்கயே தூக்குல தொங்கி முடியுது. அறிவுரையா பெருசா ஒண்ணும் சொல்லல, நடந்ததை வரிசையா சொல்லிட்டே போறாங்க, கேட்டவனுக்கு அதுவே போதும்.

பெர்க்லி பல்கலைக்கழகத்துல டெனிஸ் ஹெர்டுன்னு ஒரு ஆராய்ச்சியாளர் 1979ல இருந்து 1997 வரைக்கும் பிரபலமான ராப் பாட்டு வரிகளை உக்காந்து எண்ணினாங்க. 1984 வரைக்கும் வந்த பாட்டுகள்ல போதையைப் பத்தின பேச்சு 11 சதவீதத்துலதான் இருந்துச்சு, 1993க்கு அப்புறம் 69 சதவீதம். வன்முறைப் பேச்சு 27ல இருந்து 60 ஆச்சு. அதாவது ராப்புன்னாலே பிறவியிலயே வன்முறைன்னு சொல்றது தப்பு, அது நடுவுல ஏறின ஒண்ணு. தெருவுல கிராக் கொக்கைன்ங்கிற போதைப் பொருள் வந்து இறங்கின காலமும் அந்த எண்பதுகளோட நடுப்பகுதிதான், பாட்டு தானா கெட்டுப்போகல.

அந்த ஏத்தம் தொடங்கினப்பவே எதிர்ப்பும் உள்ள இருந்தே வந்துச்சுங்கிறது பல பேருக்கு தெரியறதில்ல. கேஆர்எஸ் ஒன்ங்கிற ராப்பரோட கூட்டாளி டிஜே ஸ்காட் லா ராக் 1987ல சுட்டுக் கொல்லப்பட்டார். அதுக்கப்புறம் கேஆர்எஸ் ஒன் வன்முறையை நிறுத்துவோம்னு ஒரு இயக்கமே ஆரம்பிச்சு, 1989ல நிறைய ராப்பர்களை ஒண்ணு சேத்து ஒரு பாட்டு போட்டு, அதுல வந்த பணத்தை நேஷனல் அர்பன் லீக்ங்கிற கறுப்பின மக்கள் நல அமைப்புக்கு குடுத்தாங்க. அடுத்த வருஷமே அமெரிக்காவோட மேற்குக் கடற்கரை ராப்பர்களும் கேங் சண்டைக்கு எதிரா அதே மாதிரி ஒரு பாட்டு சேந்து பாடினாங்க. ஸோ "இப்பதான் நல்லது பேசுறாங்க"ங்கிற வார்த்தையை நோட்டுல எழுதவே எழுதாதீங்க.

அந்த லிஸ்ட்டை யாரு போட்டாங்க?

இதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுற இடம், இங்கதான் நல்ல நல்ல ஆளுங்களே வழுக்குறாங்க. ஒரு வருஷத்துல பெரிய ஹிட் எதுன்னு நமக்கு சொல்றது சார்ட். அந்த சார்ட்டை எண்ணுற முறையே மாறிக்கிட்டு இருந்தா? 1991 மே மாசம் வரைக்கும் அமெரிக்காவுல பில்போர்டு பத்திரிகை போடுற ஆல்பம் சார்ட் எப்படி வந்துச்சுன்னா, கடைக்காரங்க கிட்ட எது நல்லா போகுதுன்னு கேட்டு அவங்க சொல்றதை வெச்சு. அப்புறம் சவுண்ட்ஸ்கேன் வந்துச்சு, பில் போடும்போது பார்கோடுல பதிவாகுற நிஜ விற்பனை நேரா கணக்குக்கு வந்துடும். அடுத்த மாசமே என்டபிள்யூஏங்கிற ராப் குழுவோட ஆல்பம் நம்பர் ஒன் ஆயிடுச்சு. அந்த ஒரு மாசத்துல ராப்பும் மாறல, கேக்குற மக்களும் மாறல, அளக்குற தராசுதான் மாறிச்சு. ஆனா வெளிய இருந்து பாத்தவங்களுக்கு கேங், துப்பாக்கி வாழ்க்கையைப் பாடுற கேங்ஸ்டா ராப் திடீர்னு நாட்டையே பிடிச்சுட்ட மாதிரி தெரிஞ்சுது, அப்புறம் எல்லா லேபிளும் அதே மாதிரி ஆளைத் தேடி ஓடினாங்க, அதுவரைக்கும் கண்ணுக்கு மட்டும் தெரிஞ்ச மாற்றம் அப்புறம் நிஜமாவே நடந்துடுச்சு.

இன்னொண்ணு 1996ல வந்த தொலைத்தொடர்பு சட்டம். அதுக்கு முன்னாடி அமெரிக்காவுல ஒரு கம்பெனி நாடு முழுக்க மொத்தம் 40 ரேடியோ ஸ்டேஷன் வரைக்கும்தான் வெச்சுக்கலாம், சட்டம் அந்த வரம்பையே எடுத்துட்டுச்சு, கொஞ்ச வருஷத்துல கிளியர் சேனல்ங்கிற ஒரே கம்பெனி கையில 1,200க்கு மேல ஸ்டேஷன். எங்கயோ ஒரு ரூம்ல உக்காந்து போடுற பிளேலிஸ்ட் பல ஊர்ல ஓடும்போது உள்ளூர் ஆளு, வேற மாதிரி பேசுற ஆளு, அவனுக்கெல்லாம் இடம் குறையத்தானே செய்யும். அந்த வருஷங்கள்லயும் நல்ல நல்ல பாட்டு எழுதிக்கிட்டேதான் இருந்தாங்க, காதுக்கு வந்து சேரல.

அதனால செய்ய வேண்டியது இதுதான். ரெண்டு வருஷத்தை எடுத்துக்கோங்க, நடுவுல பத்து வருஷமாவது இடைவெளி இருக்கட்டும். ரெண்டுக்கும் ஒரே வகை சார்ட்ல இருந்து, வருஷக் கடைசி லிஸ்ட்டா பாத்து, மேல இருக்குற இருபத்தஞ்சு ராப் பாட்டை எடுங்க. உங்களுக்கு பிடிச்சது பிடிக்காததுன்னு ஒண்ணையும் தூக்காதீங்க, தூக்க ஆரம்பிச்சா கடைசியில உங்க ரசனைதான் நோட்டுல இருக்கும். அப்புறம் தனியா வேற பக்கத்துல, அந்தந்த வருஷத்துல சார்ட்டுக்கு கீழ இருந்த நாலஞ்சு ஆல்பத்தைக் கேட்டு எழுதுங்க. மேல இருக்குறது ஒண்ணு சொல்லும், கீழ இருக்குறது வேற சொல்லும், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற தூரம் கூடுதா குறையுதான்னு பாக்குறதுதான் உண்மையான வேலை. அந்த தூரம் குறைஞ்சிருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். 2014ல லெக்ரேன்னு கிறிஸ்தவ நம்பிக்கையை வெளிப்படையா பாடுற ராப்பரோட ஆல்பம் பில்போர்டு 200ல நேரா நம்பர் ஒன்ல வந்து இறங்குச்சு. ரெண்டு வருஷம் கழிச்சு சான்ஸ் தி ராப்பர் தேவாலய கொயரோட குரலை எல்லாம் சேத்து ஸ்ட்ரீமிங்ல மட்டும் விட்ட ஆல்பம் கிராமி விருது வரைக்கும் போச்சு, ரேடியோ மட்டுமே வாசலா இருந்த காலத்துல இப்படி நடந்திருக்கும்னு எனக்கு தோணல.

பாட்டை முழுசா கேளுங்க, கடைசி வரைக்கும்

2017ல லாஜிக்னு ஒரு ராப்பர், அமெரிக்காவோட தற்கொலை தடுப்பு ஹெல்ப்லைன் நம்பரையே தலைப்பா வெச்சு ஒரு பாட்டு விட்டார், அலெசியா காராவும் காலிதும் கூட பாடியிருப்பாங்க. இதை மெதுவா கவனிங்க. முதல் வெர்ஸும் கோரஸும், எனக்கு வாழவே வேணாம்னு சொல்ற ஒருத்தரோட குரல். ரெண்டாவது பகுதியில குரல் மாறுது, போனை எடுத்த அந்தப் பக்கத்து ஆளு பேசுறார், அதே மெட்டு, அதே கோரஸ், ஆனா இப்ப அது நீ வாழணும்னு திரும்புது. கடைசியில முதல் ஆளே திரும்ப வர்றார், எனக்கு வாழணும்னு இருக்குன்னு அதே கோரஸை மூணாவது தடவை பாடுறார். முதல் ஒரு நிமிஷத்தோட நிறுத்திட்டு மார்க் போட்டீங்கன்னா இதைவிட இருட்டான பாட்டு இருக்காது. வரிகளை மட்டும் எடுத்து கம்ப்யூட்டர்ல போட்டு சோக வார்த்தை எத்தனைன்னு எண்ணினாலும் அதே பதில்தான் வரும். திருப்பம் வார்த்தையில இல்ல, யாரு பேசுறாங்கங்கிறதுல இருக்கு.

அந்தப் பாட்டு பில்போர்டு ஹாட் 100ல மூணாவது இடம் வரைக்கும் போச்சு. 2021ல பிஎம்ஜே மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, பாட்டைப் பத்தி ஜனங்க அதிகமா பேசின 34 நாள்ல ஹெல்ப்லைனுக்கு எதிர்பாத்ததைவிட 9,915 கால் கூட வந்திருக்கு, கிட்டத்தட்ட 7 சதவீதம், அதே நாட்கள்ல தற்கொலையும் எதிர்பாத்ததைவிட 245 குறைவு. பாட்டுதான் காரணம்னு அவங்க அடிச்சு சொல்லல, தொடர்பு இருக்குன்னுதான் சொல்றாங்க, அந்த வித்தியாசத்தை நீங்களும் விடாம சொல்லுங்க. ஆனா ஒரு ராப் பாட்டைப் பத்தி இப்படி ஒரு கணக்கு வருதுன்னா, அதை முதல் தடவை படிச்சப்ப எனக்கு பேச்சே வரல.

வரி படிக்கும்போது இன்னொரு ஜாக்கிரதை. ராப்புல நான்னு பேசுறவன் எல்லாம் அந்த ராப்பரே இல்ல, பாதி நேரம் ஒரு பாத்திரம். போட்டியில ஒருத்தனைக் கொன்னேன் புதைச்சேன்னு பாடினா பாட்டுல ஜெயிச்சேன்னு அர்த்தம், நாமளே மேடையில ஒருத்தன் நல்லா பாடினா கொன்னுட்டான்னுதானே சொல்றோம். இது சின்ன விஷயம் இல்ல, ஜார்ஜியாவுல யங் தக்ங்கிற ராப்பர் மேல நடந்த வழக்குல அவரோட பாட்டு வரிகளையே சாட்சியா வெக்க அனுமதி குடுத்தாங்க, இப்படி வரிகளை சாட்சியா கொண்டு வர்றதுக்கு கட்டுப்பாடு போட்டு கலிஃபோர்னியாவுல 2022ல ஒரு சட்டமே வந்துச்சு. அதனால ஸ்லாங் புரியலன்னா ஜீனியஸ் மாதிரி விளக்கம் போடுற தளத்துல பாத்துட்டு மார்க் போடுங்க. அங்க போடுற விளக்கமும் பல நேரம் ரசிகர் எழுதுறதுதான், கண்ணை மூடிக்கிட்டு நம்பவும் வேணாம்.

ஒரு ராப்பரை ஒரே கட்டத்துலயும் அடைக்காதீங்க. துபாக் 1993ல தனியா குழந்தை வளக்குற பொண்ணுங்களுக்கு ஆறுதலா ஒரு பாட்டு குடுத்தார், அதே துபாக் 1996ல குடுத்த டிஸ் பாட்டு, அதாவது எதிராளியைத் திட்டிப் பாடுற பாட்டு, ராப் சரித்திரத்துலயே ரொம்ப வெறுப்பான பாட்டுல ஒண்ணு. மார்க் பாட்டுக்குத்தான், ஆளுக்கு இல்ல.

ஆய்வுல வர்ற நம்பரை எப்படி படிக்கிறது

ஜாமா பீடியாட்ரிக்ஸ்ல 2020 கடைசியில ஒரு ஆய்வு வந்துச்சு. 1998, 2003, 2008, 2013, 2018 இந்த அஞ்சு வருஷத்துலயும் ரொம்ப பிரபலமான 25 ராப் பாட்டு, மொத்தம் 125. அதுல மனச்சோர்வைப் பத்தின பேச்சு முதல் வருஷத்துல 16 சதவீதம், கடைசி வருஷத்துல 32. தற்கொலையைப் பத்தினது சுத்தமா இல்லாம இருந்து 12 சதவீதம். மனப் போராட்டத்தை நேரா சொல்லாம உவமையா சொல்றது 8ல இருந்து 44. இதை எடுத்துக்கிட்டு பாருங்க ராப் பாசிட்டிவ் ஆயிடுச்சுன்னு ஒரு கூட்டம், பாருங்க ராப் பசங்களை சோகத்துல தள்ளுதுன்னு இன்னொரு கூட்டம். ரெண்டுமே அந்த ஆய்வுல இல்ல! பேச்சு கூடியிருக்கு, அவ்வளவுதான் எண்ணியிருக்காங்க. உதவி தேடுற மாதிரி பேசுறாங்களா, மாத்திரையை வாயில போட்டுக்கிட்டு பேசுறாங்களாங்கிறது நீங்கதான் கேட்டு பிரிக்கணும்.

அந்த வித்தியாசம் சாவு பொழைப்பு விஷயமா போயிடுச்சுங்கிறதுதான் வேதனை. லில் பீப் 2017ல, மேக் மில்லர் 2018ல, ஜூஸ் வேர்ல்டு 2019ல, மூணு ராப்பர்களுமே போதைப் பொருளாலதான் போனாங்க, முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் 21 வயசுதான். வலியை மறைக்காம பேசின பசங்க. பழைய பாட்டுகள்ல போதையை விக்கிறவன்தான் அதிகமா பேசுவான், இவங்க பாட்டுல எல்லாம் அதை சாப்பிடுறவன் பேசுறான், அந்த மாற்றத்தை கட்டத்துல தனியா குறிச்சுக்கோங்க. அதே காலத்துலதான் கிட் கடிங்கிற ராப்பர் 2016ல எனக்கு மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் வருது, சிகிச்சைக்குப் போறேன்னு தன் ரசிகர்களுக்கு வெளிப்படையா எழுதினார். வலியைப் பேசுறதுலயே ரெண்டு வழி, ரெண்டும் ஒரே நேரத்துல.

கேக்குறவங்க என்ன செஞ்சாங்கன்னும் பாருங்க

பாட்டு மட்டும் சாட்சி இல்ல. 2013ல ரிக் ராஸ்ங்கிற ராப்பர் ஒரு பாட்டுல, பொண்ணுக்கு தெரியாம போதை கலந்து குடுத்ததைப் பத்தி ஒரு வரி பாடினார், எதிர்ப்பு கிளம்பி ஷூ கம்பெனி ரீபாக் அவரோட ஒப்பந்தத்தையே நிறுத்திட்டாங்க. அதுக்கு முன்னாடியெல்லாம் இப்படி எத்தனையோ வரி கேள்வியே இல்லாம போயிக்கிட்டு இருந்துச்சு. பொண்ணுங்க கட்டத்துல இன்னும் போக வேண்டிய தூரம் நிறைய. குயின் லத்திஃபா 1993லயே தெருவுல கேலி பண்றவனையும் வீட்டுல அடிக்கிறவனையும் நேரா கேள்வி கேட்டு பாடினாங்க, அதுக்கு கிராமியும் வாங்கினாங்க. ஆனா சிறந்த ராப் ஆல்பம் கிராமியை தனி ஆளா ஒரு பொண்ணு வாங்க 2019 ஆச்சு, அது கார்டி பி, அடுத்தது 2025ல டோச்சி.

2024 ஏப்ரல்ல ராப்பர் ஜே கோல், இன்னொரு ராப்பர் கென்ட்ரிக் லமாரை தாக்கி ஒரு பாட்டு விட்டுட்டு, ரெண்டே நாள்ல தன்னோட சொந்த விழா மேடையில நின்னு மன்னிப்பு கேட்டார், பாட்டையும் எடுத்துட்டார். எனக்கு அது ரொம்ப பெரிய விஷயமா பட்டுச்சு, ஆனா ரசிகர்கள்ல நிறைய பேரு அவரை கோழைன்னு கிண்டல் பண்ணாங்க. அந்த வருஷம் எல்லாரும் கொண்டாடினது டிரேக்ங்கிற ராப்பரை கென்ட்ரிக் தாக்கின டிஸ் பாட்டு, அதுக்கு அஞ்சு கிராமி, அப்புறம் சூப்பர் பவுல்ங்கிற பெரிய அமெரிக்க ஃபுட்பால் போட்டியோட மேடை. கவனிங்க, 2015ல இதே கென்ட்ரிக்கோட நம்பிக்கைப் பாட்டைத்தான் போலீஸ் வன்முறைக்கு எதிரா போராடினவங்க தெருவுல பாடினாங்க, 2018ல புலிட்சர் விருது வாங்கினவரும் இவர்தான். ஜனங்களுக்கு ரெண்டும் வேணும்னு இருக்கு.

என் நோட்டுல வந்தது இப்படி. மனசைப் பத்தி பேசுறதுல மாற்றம் நிச்சயம், அதுவும் ஆம்பளைங்க பேசுறதுல. பொண்ணுங்க விஷயத்துல மெதுவா, பொண்ணுங்களே மைக்கைப் பிடிச்சதால. வன்முறையில ஏறி இறங்கி போகுது, கேங் சண்டையை நேரா பேசுற ட்ரில் பாட்டுகளை எல்லாம் சேத்தா இறங்கிடுச்சுன்னு என்னால சொல்ல முடியாது. போதையில எனக்கு கவலைதான்.

வீட்டுல ஒரு பிள்ளை இந்த மாதிரி கனமான பாட்டையே திரும்பத் திரும்ப கேட்டுக்கிட்டு இருந்து அதுக்காக நீங்க இதைப் படிக்கிறீங்கன்னா, போனைப் பிடுங்காதீங்க. எந்தப் பாட்டுன்னு கேட்டு முதல்ல தனியா ஒரு தடவை வரியோட முழுசா கேளுங்க. அப்புறம் பக்கத்துல உக்காந்து, இதுல உனக்கு எந்த வரி பிடிக்கும்னு மட்டும் கேளுங்க, நல்லதா கெட்டதான்னு தீர்ப்பு எதுவும் அப்ப வேணாம். சொல்ற வரி வலியைப் பத்தினதா இருந்தா, உனக்கும் அப்படி இருக்கான்னு நேராவே கேளுங்க. சாகணும்னு தோணுதுன்னு பதில் வந்தா அன்னிக்கே ஒரு டாக்டரையோ ஹெல்ப்லைனையோ கூப்பிடுங்க, தனியா விடாதீங்க. அப்படி இல்லன்னா அடுத்த பாட்டையும் அவனையே போடச் சொல்லி கூட உக்காந்து கேளுங்க.